நச்சேறிய பழைய மரம்: பூஞ்சை எதைத் தின்னும், எதைத் தின்னாது

கடலூர், புதுச்சேரி பக்கம் பழைய மரம் குப்பைக்குப் போவது அபூர்வம். இடித்த வீட்டின் நிலை, கதவு, உத்திரம் எல்லாம் பழைய மரக்கடைக்குப் போகும். கடைக்காரர் கழித்துக் கட்டியது பேக்கரி அடுப்புக்கோ கல்யாணச் சமையலுக்கோ விறகாகும். புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளிலும் கடலூர் சிப்காட்டிலும் கழிந்த, சரக்கு அடுக்கும் பேலட் பலகைகள் மேசையாகவோ விறகாகவோ மாறும். கரையேற்றிப் போட்ட பழைய படகின் பலகைக்கும் கடைசியில் அதே கதிதான். எதையும் வீணாக்காத இந்தப் பழக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த மரத்துக்குள் என்ன மருந்து ஏற்றியிருக்கிறார்கள் என்று அடுப்பு மூட்டும்போது யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பூஞ்சையை விட்டு அந்த மருந்தை நீக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி.

கரையான், வண்டு, பூஞ்சை, கடல் நீரில் கப்பல் புழு: மரத்தைத் தின்ன இத்தனை பேர் காத்திருக்கிறார்கள். தேக்கு, பனை வைரம் போன்றவை ஓரளவு தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். மட்டமான மரத்தை நீண்ட நாள் நிற்க வைக்க வேண்டுமானால் அதற்கு விஷம் ஊட்டியாக வேண்டும். அந்த விஷம் ஒட்டிக்கொண்டு, கரையாமல், பல பத்தாண்டுகள் நிற்க வேண்டும் என்பதுதான் மருந்தேற்றும் தொழிலின் குறிக்கோள். பயன் முடிந்த மரத்தை என்ன செய்வது என்ற சிக்கலும் அங்கேயேதான் பிறக்கிறது. மருந்து எவ்வளவு நன்றாக வேலை செய்ததோ, கழிவு அவ்வளவு மோசமானதாக இருக்கும்.

இந்த மருந்துகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது கிரியோசோட். நிலக்கரித் தாரைக் காய்ச்சி வடித்த கறுப்பு எண்ணெய் அது. 1838இல் இங்கிலாந்தில் ஜான் பெத்தெல் காப்புரிமை பெற்ற முறைப்படி, மூடிய உருளைக்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அழுத்தத்தில் இந்த எண்ணெயை மரத்துக்குள் ஏற்றுவார்கள். ரயில் ஸ்லீப்பர் கட்டைகளின் வாசனை நினைவிருந்தால் கிரியோசோட்டை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். விழுப்புரத்திலிருந்து கடலூர் வழியாகப் போகும் மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்றியது போன்ற வேலைகளில் கழிந்த கட்டைகள் நாடு முழுக்கக் கைமாறி, தோட்டத்து வேலியாகவும் படிக்கட்டாகவும் இன்னும் கிடக்கின்றன. இரண்டாவது பென்டாகுளோரோஃபீனால் என்ற பூஞ்சை, பூச்சிக்கொல்லி; சுருக்கமாக பென்டா. இந்தியாவில் 1991இல் தடையானது. எளிதில் அழியாத நச்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் 2015இல் ஏறியது. மூன்றாவதை மரத்தொழிலில் சி.சி.ஏ. என்பார்கள்: செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த உப்பு.

சி.சி.ஏ. நம் நாட்டில் பிறந்தது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம் என்ற ஆராய்ச்சியாளர் 1933இல் இதைக் கண்டுபிடித்தார். ஆர்சனிக்கும் (As) செம்பும் (Cu) சேர்ந்தது என்பதால் ‘ஆஸ்கு’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதுவரை இருந்த செம்பு, ஆர்சனிக் மருந்துகள் மழையில் கழுவிப் போய்விடும். காமேசம் குரோமியத்தைச் சேர்த்ததால் அவை மரத்தின் நாரோடு பிணைந்து நின்றன. மரத்துக்குள் போனதும் நச்சு மிகுந்த அறுபடிக் குரோமியம், நச்சு குறைந்த மும்படிக் குரோமியமாக மாறி, மற்ற இரண்டையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உண்மையிலேயே அபாரமான வேதியியல் அது. மின் கம்பங்கள், ஆலைகளின் மரக் கூலிங் டவர்கள், வீட்டு வேலிகள் என்று உலகம் முழுக்கப் பரவியது. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் ரப்பர் மரத்துக்கு சி.சி.ஏ., கிரியோசோட் இரண்டையும் ஏற்றிச் சிறு படகு கட்டிக் காட்டியது. காட்டில் பெரிய மரம் வெட்டாமல் மலிவாகப் படகு கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம் அதில் இருந்தது. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு முடிவோடு வீட்டு உபயோக மரத்துக்கு இந்த மருந்தை ஏற்றுவதை நிறுத்தினார்கள். ஆனால் ஏற்கெனவே ஏற்றிய மரம் அங்கும் இங்கும் இன்னும் இருக்கிறது.

எவ்வளவு ஆர்சனிக் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த மருந்தின் பரவலான கலவையில் ஆர்சனிக் ஆக்சைடு 34 சதவீதம். லேசாக மருந்தேற்றிய மரத்திலேயே ஒரு கன மீட்டருக்கு 4 கிலோ மருந்து இருக்கும். கடலில் நிற்கும் மரத்துக்கு அதைப்போல் பல மடங்கு ஏற்றுவார்கள். 4 கிலோ என்றே வைத்துக்கொண்டால், கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட 900 கிராம் ஆர்சனிக். மரத்தின் எடையைக் கன மீட்டருக்கு 500 கிலோ என்று கொண்டால், ஒரு கிலோ விறகில் சுமார் 1.8 கிராம் வருகிறது. குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆக, ஒரு கிலோ மரத்தில் இருப்பது முழுதும் கரைந்தால் 1,80,000 லிட்டர் தண்ணீரை அந்த எல்லைவரை கொண்டுபோகும். எரித்தால் இன்னும் மோசம். ஆர்சனிக்கின் ஒரு பகுதி ஆக்சைடாகிப் புகையோடு போகும்; சித்த மருத்துவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று அஞ்சிக் கையாளும் பொருளே அது. மிச்சம் சாம்பலில் நிற்கும். அந்தச் சாம்பலில் குரோமியம் மீண்டும் அறுபடி நிலைக்குத் திரும்பும் வாய்ப்பும் உண்டு. நாமோ சாம்பலைப் பாத்திரம் துலக்கவும் செடிக்குப் போடவும் எடுப்போம்.

வெள்ளை அழுகல்

சரி, பூஞ்சைக்கு வருவோம். மரத்துக்கு அதன் வலுவைத் தருவதில் முக்கியமான பொருள் லிக்னின். செல்லுலோஸ் ஒரே மாதிரிக் கண்ணிகள் கோத்த சங்கிலி. அதை வெட்டப் பல உயிர்களிடம் நொதி உண்டு. லிக்னின் அப்படியில்லை. தாறுமாறாகக் கிளைத்துப் பின்னிய மூலக்கூறு. எந்த இடத்தில் எந்தப் பிணைப்பு வரும் என்று சொல்லவே முடியாது. ஆகவே குறிப்பிட்ட ஒரு வடிவத்தை மட்டும் அடையாளம் கண்டு வெட்டும் நொதி அங்கே பயன்படாது. வெள்ளை அழுகல் பூஞ்சைகள் இதற்கு வேறு வழி கண்டன. லிக்னின் பெராக்சிடேஸ், மாங்கனீஸ் பெராக்சிடேஸ், லாக்கேஸ் என்ற நொதிகளை உடலுக்கு வெளியே கசியவிடும். இவை எதிர்ப்படும் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி அதை நிலைகுலைய வைக்கும். அதன்பின் மூலக்கூறு தானாகவே துண்டு துண்டாக உடையத் தொடங்கும். லிக்னின் கரைந்து வெளிறிய நார் மிஞ்சுவதால் வெள்ளை அழுகல் என்று பெயர். நாம் குழம்பு வைத்துச் சாப்பிடும் சிப்பிக்காளான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

ஆள் பார்க்காமல் தாக்கும் இந்தக் குணம்தான் நமக்கு உதவுகிறது. கிரியோசோட்டில் உள்ள பல வளைய ஹைட்ரோகார்பன்களும் பென்டாவும் லிக்னினின் துண்டுகளைப் போலவே பென்சீன் வளையம் கொண்டவை. லிக்னினுக்காகக் கசிந்த நொதி இவற்றையும் உடைக்கிறது. 1983இல் ஃபேனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சையில் லிக்னின் பெராக்சிடேஸைக் கண்டறிந்தார்கள். 1985இல் அதே பூஞ்சை டி.டி.டி., லிண்டேன், பென்சோபைரீன் போன்ற நச்சுப் பொருள்களையும் ஆக்சிஜனேற்றம் செய்து கார்பன் டை ஆக்சைடு வரை கொண்டுபோவதாக ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. 1990இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில், பென்டா கலந்த மண்ணில் இந்த இனப் பூஞ்சைகளைக் கலந்து பார்த்தபோது ஆறரை வாரத்தில் 88 முதல் 91 சதவீதம் பென்டா குறைந்தது. ஆய்வுக்கூடத்துக் குடுவைக்கு வெளியே, திறந்த நிலத்தில் கிடைத்த பலன் என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

அந்தச் சோதனையில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. காணாமல் போன பென்டா எல்லாம் அழிந்துவிடவில்லை. ஒரு சிறு பகுதி பென்டாகுளோரோஅனிசோல் என்ற வேறு பொருளாக மாறியிருந்தது. அதன் நச்சுத்தன்மை குறைவு என்றாலும் எளிதில் ஆவியாகும், கொழுப்பில் சேரும். கிரியோசோட்டிலும் இப்படித்தான்: இரண்டு மூன்று வளையம் கொண்டவை சீக்கிரம் உடையும், ஐந்து ஆறு வளையம் கொண்டவை மரத்தோடு ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும். இடையில் உண்டாகும் சில பொருள்கள் மூலப்பொருளைவிட நீரில் எளிதாகக் கரையும். ஆகவே மரத்துண்டின் மேல் வெண்மையாக இழை படர்ந்துவிட்டதைப் பார்த்து வேலை முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. மாதிரி எடுத்து கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் அளக்க வேண்டும். கூடவே அந்தக் கலவையில் விதை முளைக்கிறதா, மண்புழு பிழைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் ‘காளான் சுத்தம் செய்துவிட்டது’ என்று எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஆர்சனிக் என்ன ஆகும்?

பூஞ்சையைப் பற்றிய பேச்சில் பெரிதும் விடுபட்டுப் போவது இதுதான். கிரியோசோட்டும் பென்டாவும் கார்பன் மூலக்கூறுகள், உடைக்கலாம். ஆர்சனிக், செம்பு, குரோமியம் மூன்றும் தனிமங்கள். எந்த நொதியாலும், எந்த நெருப்பாலும் தனிமத்தை அழிக்க முடியாது. உப்பைத் தண்ணீரில் கரைக்கலாம், இன்னொரு பாத்திரத்துக்கு ஊற்றலாம், வற்றவைத்துத் திரும்ப எடுக்கலாம். இல்லாமல் ஆக்க முடியாது. ஆர்சனிக்கும் அப்படித்தான். சி.சி.ஏ. மரத்தில் பூஞ்சையால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று: மரத்தில் இருப்பதை மரத்தைவிட்டு வெளியே எடுப்பது.

அதற்கும் ஒரு தடை இருக்கிறது. செம்பைச் சேர்த்ததே பூஞ்சையைக் கொல்லத்தான். அப்படிப்பட்ட மரத்தில் பூஞ்சை வளர்வது எப்படி? சில பழுப்பு அழுகல் பூஞ்சைகள் இதற்கு வழி கண்டுபிடித்திருக்கின்றன. இவை லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிட்டு செல்லுலோஸைத் தின்பவை. இவை தின்ற மரம் பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்து உதிரும். ஃபைப்ரோபோரியா இனத்தைச் சேர்ந்த சிலவும் வுல்ஃபிபோரியா கோகோஸும் ஆக்சாலிக் அமிலத்தைத் தாராளமாகச் சுரக்கும். அந்த அமிலம் செம்போடு சேர்ந்து, நீரில் கரையாத செம்பு ஆக்சலேட் படிகமாக உறைந்துவிடும். கரையாத செம்பு பூஞ்சையை ஒன்றும் செய்யாது. அதே அமிலம் குரோமியத்தையும் ஆர்சனிக்கையும் நேர்மாறாகக் கரையவைக்கும். காமேசம் போட்ட முடிச்சை இப்படி அமிலத்தைக் கொண்டே ஒரு பூஞ்சை அவிழ்க்கிறது.

1990களில் ஜெர்மனியிலும் அதன்பின் ஸ்லோவேனியாவிலும் இந்த வழியில் ஆராய்ந்தார்கள். ஆக்சாலிக் அமிலத்தால் குரோமியமும் ஆர்சனிக்கும் வெளியேறியபின் மிஞ்சும் செம்பை அம்மோனியாக் கரைசலால் எடுக்கலாம் என்று கண்டார்கள். அமெரிக்காவின் மேடிசனில் உள்ள வனப்பொருள் ஆய்வுக்கூடத்தில் கரோல் கிளாசன் முதலில் ஆக்சாலிக் அமிலத்தில் கழுவி, பிறகு பாசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ் என்ற பாக்டீரியாவை விட்டு, மூன்று உலோகங்களிலும் பெரும்பகுதியை எடுத்துக் காட்டினார். கழுவிய நாரைப் பார்ட்டிக்கிள் போர்டாக அழுத்தவும் முடிந்தது. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற சாதாரணக் கறுப்புப் பூசணத்தை வளர்த்து, அது சுரக்கும் அமிலங்களைக் கொண்டு கழுவும் வழியும் உண்டு.

எல்லாம் முடிந்தபின் கையில் என்ன இருக்கும்? ஓரளவு சுத்தமான மர நார் ஒரு பக்கம். ஆர்சனிக்கும் குரோமியமும் கரைந்த தண்ணீர் ஒரு பக்கம். முதலில் பத்து டன் மரத்தில் பரவிக் கிடந்த விஷம் இப்போது சில பீப்பாய்களில் திரண்டு நிற்கிறது. இதை முன்னேற்றம் என்றே சொல்வேன், ஏனென்றால் பத்து டன்னைக் காப்பதைவிடச் சில பீப்பாயைக் காப்பது எளிது. இரும்பு உப்பு சேர்த்து ஆர்சனிக்கை வண்டலாகப் படியவைத்து, கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற, அபாயக் கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் மையத்துக்கு அனுப்பலாம். ஆனால் அந்தக் கடைசிப் படி இல்லாமல் இதைத் தொடங்குவது குற்றம். மரத்தில் கட்டுண்டு கிடந்த ஆர்சனிக்கை நாமே அவிழ்த்து வாய்க்காலில் விட்டதாக ஆகும். சிப்காட் ஆலைகளின் கழிவால் உப்பனாறும் குடிகாடு பக்கத்துக் கிணறுகளும் பட்டதை இத்தனை ஆண்டுகளாகப் பார்த்த மாவட்டம் இது. இன்னொரு நல்ல நோக்கத்தின் பெயரால் அதே நிலத்தடி நீரில் இன்னொரு விஷம் இறங்கக் கூடாது.

இங்கே எதைத் தொடங்கலாம்

கிரியோசோட் மரத்துக்கு நம் பகுதியில் வழி இருக்கிறது என்று நம்புகிறேன். அதற்கான பாதித் தொழில்நுட்பம் ஏற்கெனவே ஊர்களில் புழங்குகிறது. விருத்தாசலத்திலும் புதுச்சேரி குருமாம்பேட்டிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் பயிற்சி பெற்றுக் கொட்டகையில் சிப்பிக்காளான் வளர்ப்பவர்கள் பலர். வைக்கோலை நறுக்கி ஊறவைத்து வேகவைப்பது, சோளத்தில் வளர்த்த காளான் வித்தை அடுக்கடுக்காகத் தூவுவது, ஈரப்பதம் காப்பது, பச்சைப் பூசணம் வந்த பையை உடனே பிரித்து ஒதுக்குவது என்று எல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. கிரியோசோட் மரத்தைப் பூஞ்சைக்குக் கொடுப்பதிலும் அடிப்படை அதேதான். முழுக் கட்டைக்குள் பூஞ்சையால் நுழைய முடியாது; விரல் பருமனுக்குச் சிதைக்க வேண்டும். சிதைத்ததை மட்டும் கொடுத்தாலும் அது தாங்காது. நிறைய வைக்கோலில் முதலில் தெம்பாக வளரவிட்டு, அதன்பின் மரத்துண்டைக் கலக்க வேண்டும். அப்புறம் ஒரு முக்கியமான நுணுக்கம்: பல வெள்ளை அழுகல் பூஞ்சைகள் தழைச்சத்து குறையும்போதுதான் லிக்னினை உடைக்கும் நொதியை நன்றாகச் சுரக்கும். விளைச்சலுக்காகப் பையில் சேர்க்கும் தவிட்டையும் கொள்ளு மாவையும் இங்கே சேர்க்கவே கூடாது.

நம் வெயிலும் ஒரு விதத்தில் சாதகம். ஃபேனரோகீட் கிரைசோஸ்போரியம் 40 டிகிரிக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தில்தான் மிக நன்றாக வளரும். சூடேறும் மரத்துண்டுக் குவியல்களில் வாழும் பூஞ்சை அது. ஐரோப்பாவில் அதற்குச் சூடு காட்ட வேண்டும், கடலூர் மே மாதத்தில் தேவையே இல்லை. ஆனால் அக்டோபரிலிருந்து வேறு கதை. வடகிழக்குப் பருவமழையில் திறந்த குவியலிலிருந்து வழியும் கறுப்புத் தண்ணீர் நேரே மண்ணுக்குள் போகும். ஆகவே சிமென்ட் தரை, கூரை, வடிநீரைப் பிடித்துத் திரும்பத் தெளிக்கும் தொட்டி இவை மூன்றும் இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது. தானே, ஃபெஞ்சல் புயல்களைப் பார்த்தவர்களுக்குக் கூரையை எவ்வளவு உறுதியாகக் கட்ட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. அளந்து பார்க்கும் வேலைக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருக்கின்றன.

இதற்கெல்லாம் முன்னால் மரத்தைப் பிரித்தாக வேண்டும். கறுத்து, தார் வாசனை அடித்தால் கிரியோசோட். புது சி.சி.ஏ. மரத்தில் பச்சைச் சாயல் தெரியும். வெயிலில் வெளுத்தபின் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். குரோம் அசுரால் என்ற சாயக் கரைசலை வெட்டிய முகத்தில் தடவினால் செம்பு உள்ள இடம் கருநீலமாகும். செம்பு இருந்தால் ஆர்சனிக் இருக்கும் என்று வைத்துக்கொண்டு ஒதுக்குவதே பத்திரம். கையடக்க எக்ஸ்-ரே ஒளிர்வுக் கருவி இருந்தால் ஒரே நிமிடத்தில் உறுதி செய்யலாம். பேலட்டில் எச்.டி. என்று முத்திரை இருந்தால் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது என்று பொருள், அந்த முறையில் மருந்து ஏற்றுவதில்லை. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி வாயுவால் புகையிட்டது. முத்திரை எதுவானாலும், ரசாயன ஆலையில் கிடந்த பேலட் என்றால் அதன்மேல் சிந்தியது என்ன என்பதுதான் பெரிய கேள்வி. புதுச்சேரி பழைய வீடுகளின் தேக்கு உத்திரத்தில் பெரும்பாலும் ஏற்றிய மருந்து இருக்காது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயின்டில் ஈயத்தை 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்குள் கட்டுப்படுத்தியது 2017இல்தான். ஈயமும் தனிமம் என்பதால் பூஞ்சை அதை ஒன்றும் செய்யாது. பெயின்டை ஈரப்படுத்திச் சுரண்டித் தனியே எடுக்க வேண்டும். புயலில் விழுந்த பலாவும் முந்திரியும் வெறும் மரம், அவற்றைத் தாராளமாக எரிக்கலாம், அறுக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகளைக் காளான் வளர்ப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். விற்பனைக்கு வளர்க்கும் படுக்கையில், எங்கிருந்து வந்தது என்று தெரியாத மரத்தூளைச் சேர்க்காதீர்கள். பிளைவுட் அறுக்கும் பட்டறைத் தூளில் பசையும் கரையான் மருந்தும் இருக்கலாம். பூஞ்சை உலோகங்களை உறிஞ்சிக் காளானில் சேர்த்து வைக்கக்கூடியது. அதேபோல், கழிவு மரத்தைச் சுத்தம் செய்யப் போட்ட படுக்கையிலும் சிப்பிக்காளான் அழகாகவே முளைக்கும். அந்தக் கொட்டகை, வித்து, கத்தி, ஆள் எல்லாம் சாப்பாட்டுக் காளானிலிருந்து தனியாக இருக்க வேண்டும். முளைத்ததை விரிவதற்கு முன்பே பறித்து, நறுக்கி, அதே கலவைக்குள் திரும்பப் புதைத்துவிட வேண்டும்.